டெபியனுக்கு முதலாளி தேவையில்லை

இயங்குதளங்களைப் பற்றிய பேச்சில் டெபியனின் பெயர் வந்தால் கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. தரமானது, நம்பகமானது, ஆனால் திசை தெரியாதது. யாருக்காக உருவாக்குகிறோம் என்று அந்தத் திட்டத்துக்கே தெளிவில்லை. ஆயிரம் பேர் கூடி விவாதித்து வாக்களித்துக்கொண்டிருந்தால் காரியம் எப்படி நடக்கும்? ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்து, ஒரு தலைவர் முடிவெடுத்து, ‘இதுதான் நம் புராடக்ட், இவர்தான் நம் பயனர்’ என்று வரையறுத்தால்தான் உருப்படும். ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இதை ஊரறிந்த உண்மையைப் போலச் சொல்கிறார்கள். லினக்ஸைப் பல காலமாகப் பயன்படுத்துபவர்களும் தலையாட்டுகிறார்கள்.

நான் இதை ஏற்கவில்லை. உரிமையாளர் இருந்த இயங்குதளத் திட்டங்கள்தான் திரும்பத் திரும்பத் திசை மாறின; தம்மை நம்பியவர்களை நடுவழியில் விட்டன. உரிமையாளரே இல்லாத டெபியன் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் தான் கொடுத்த வாக்கில் நிற்கிறது. சந்தையைப் பார்த்துத் தன் அடையாளத்தை எழுதாமல், வாக்குறுதியாக எழுதிவைத்ததால்தான் அதனால் அப்படி நிற்க முடிகிறது.

1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியனை அறிவித்த இயன் மர்டாக் அப்போது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர். அன்று பரவலாக இருந்த எஸ்.எல்.எஸ். என்ற லினக்ஸ் வெளியீட்டில் பிழைகள் மலிந்து கிடந்தன; திருத்துவாரில்லை. லினக்ஸ் கெர்னல் எப்படித் திறந்த முறையில் பலர் கைபட்டு வளர்ந்ததோ, அப்படியே அதன் வெளியீடும் வளர வேண்டும் என்று மர்டாக் நினைத்தார். 1996-ல் அவர் விலகி, பொறுப்பு புரூஸ் பெரன்ஸிடம் வந்தது. நிறுவியவர் போன பிறகும் ஒரு திட்டம் அதே திட்டமாக இருக்க வேண்டுமானால், ஆட்களைவிட உறுதியான ஒன்று அதற்குப் பிடிமானமாக வேண்டும். 1997 ஜூலையில் அது எழுத்தில் வந்தது. அதற்குச் சமூக ஒப்பந்தம் என்று பெயர்.

அதில் ஐந்தே பிரிவுகள். டெபியன் நூறு சதவீதம் கட்டற்றதாகவே இருக்கும். நாங்கள் உருவாக்குவதைக் கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்கே திருப்பித் தருவோம். பிழைகளை மறைக்க மாட்டோம். பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருளுக்குமே முன்னுரிமை தருவோம். எங்கள் அளவுகோலுக்குப் பொருந்தாத மென்பொருளும் சிலருக்குத் தேவைப்படும் என்பதை அறிவோம். அதைத் தனிப் பகுதியில் வைப்போம், டெபியனின் அங்கமாகக் கொள்ள மாட்டோம். எது கட்டற்றது என்று பார்ப்பதற்கான நெறிகளும் கூடவே வகுக்கப்பட்டன. 1998-ல் திறமூல இயக்கத்தார் தங்களுக்கு ஒரு வரையறை வேண்டும் என்று தேடியபோது டெபியனின் அந்த நெறிகளைத்தான், டெபியனுக்கே உரிய குறிப்புகளை நீக்கிவிட்டு, எடுத்துக்கொண்டார்கள். திறமூலம் எது என்று உலகம் இன்று அளந்து பார்க்கும் கோல் டெபியனின் பட்டறையில் உருவானது. அந்தத் திட்டத்தைப் பார்த்து ‘உனக்கு அடையாளம் இல்லை’ என்பது வரலாறு அறியாத பேச்சு.

மூன்றாம் பிரிவின் எடை 2008-ல் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், டெபியனில் மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக, பராமரிப்பாளர் நிரலில் மிகச் சிறிய மாற்றம் ஒன்றைச் செய்திருந்தார். மறையாக்கச் சாவிகளை ஊகிக்க முடியாதபடி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மை அந்த மாற்றத்தோடு போயிற்று. எஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அதற்கு 32,768 மதிப்புகள்தான் உண்டு. சாவிகள் அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த இடைவெளியில் உருவான எஸ்எஸ்எச் சாவிகளை நம்ப முடியாமல் போயிற்று. மிகக் கொடிய பிழை, அதில் சந்தேகமில்லை. கண்டுபிடித்தவர் டெபியன் டெவலப்பரான லூசியானோ பெல்லோ. 2008 மே 13 அன்று டெபியனே அதை உலகுக்கு அறிவித்தது. பலவீனமான சாவிகளைத் தேடிப் பிடிக்கும் கருவியையும் தந்தது. முதலாளி இல்லாததால்தான் இந்தப் பிழை நேர்ந்தது என்று இன்றும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். முதலாளி இருக்கும் மென்பொருள்களிலும் இதற்கு நிகரான பிழைகள் நேர்ந்திருக்கின்றன. பிழை நேர்ந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துக் கையெழுத்திட்டிருந்த திட்டம் எது என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

அடையாளம் இருக்கட்டும், வேகம் எங்கே என்பது அடுத்த கேள்வி. டெபியனின் ‘வுடி’ வெளியீடு 2002 ஜூலையில் வந்தது. அதற்கடுத்த ‘சார்ஜ்’ 2005 ஜூனில்தான் வந்தது. அந்த மூன்றாண்டுக் காத்திருப்பு பலரைச் சோர்வடையச் செய்தது. அன்றைய கோபம் நியாயமானதே. ஆனால் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்பவர்கள் 2005-லேயே நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு நிலையான வெளியீடுகள் வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2007, 2009, 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025. இரண்டு ஆண்டுக்கு ஒன்று, ஒரு முறைகூடத் தவறவில்லை. 2025 ஆகஸ்ட்டில் வந்த ‘ட்ரிக்ஸி’யில் 69,830 பேக்கேஜ்கள் இருந்தன. யாரையும் பணிக்கு அமர்த்தாத, யாருக்கும் உத்தரவிட முடியாத ஒரு திட்டம் இருபது ஆண்டுகள் இந்தத் தாளத்தைக் காத்திருக்கிறது.

உத்தரவிட முடியாது என்று சும்மா சொல்லவில்லை. 1998 டிசம்பரில் டெபியன் ஏற்றுக்கொண்ட அமைப்புச் சட்டம், எந்த வேலையையும் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்கிறது. முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் திட்டத் தலைவருக்கும் இதே விதிதான். பொறுப்புகளைப் பிறருக்கு ஒப்படைக்கலாம், பேசி இணங்கவைக்கலாம், கட்டளையிட முடியாது. சம்பளம் கொடுத்தால் வேகம் கூடும் என்று 2006-ல் ஒரு குழுவினர் வெளியிலிருந்து நிதி திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊதியமின்றி உழைத்துவந்தவர்களில் சிலர் மனம் நொந்து தம் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வரவேண்டிய ‘எட்ச்’ 2007 ஏப்ரலில்தான் வந்தது.

இப்படிப்பட்ட அமைப்பு தன் திசையை எப்படி மாற்றிக்கொள்ளும்? மாற்றவே முடியாது, உறைந்துவிடும் என்பவர்கள் 2022-ல் நடந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லேப்டாப்களில் வைஃபை கார்டு வேலை செய்ய அதன் உற்பத்தியாளர் தரும் ஃபர்ம்வேர் வேண்டும். அது பெரும்பாலும் கட்டற்றதல்ல. அன்றைய சமூக ஒப்பந்தப்படி அது டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் இடம்பெறக் கூடாது. ஆகவே புதிதாக டெபியனை நிறுவ வருபவர் வைஃபை இல்லாமல் பாதியில் நின்றார். ஃபர்ம்வேர் அடங்கிய வட்டுப் படிமம் ஒன்றும் இருந்தது. ஆனால் அது அதிகாரபூர்வமற்றது என்ற முத்திரையோடு இணையத்தளத்தின் ஒரு மூலையில் கிடந்தது. பார்வையற்றவர்களின் நிலை இன்னும் கடினம். நிறுவி பேசினால்தான் அவர்களால் அதைப் பயன்படுத்த முடியும். சில கணினிகளில் ஒலி வருவதற்கே ஃபர்ம்வேர் வேண்டும். பயனர்களும் கட்டற்ற மென்பொருளும் முன்னுரிமை என்று நான்காம் பிரிவு சொல்கிறது. அந்த இரண்டும் இங்கே நேருக்கு நேர் மோதின.

நிறுவிகளைப் பராமரித்துவந்த ஸ்டீவ் மெக்கின்டயர் பொதுத் தீர்மானம் கொண்டுவந்தார். மற்றவர்கள் மாற்று வரைவுகளை முன்வைத்தார்கள். இறுதியில் வாக்குச்சீட்டில் ஆறு தெரிவுகளும், ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ என்ற ஏழாவது தெரிவும் இருந்தன. ஃபர்ம்வேருடன் ஒரே நிறுவி போதும் என்றது ஒன்று. கட்டற்ற நிறுவிக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் காட்டலாம் என்றது மற்றொன்று. கட்டற்றதல்லாத மென்பொருள் அடங்கிய நிறுவி டெபியனே அல்ல என்று உறுதியாக நின்றது வேறொன்று. வாக்காளர் ஒரு தெரிவுக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. எல்லாத் தெரிவுகளையும் தன் விருப்பப்படி வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு இணையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு முடிவு காணப்படுகிறது. சமூக ஒப்பந்தத்தையே திருத்தும் தெரிவு வெல்ல, அதை வேண்டாம் என்போரைப்போல் மூன்று மடங்குப் பேர் ஆதரிக்க வேண்டும். அந்தத் தடையைத் தாண்டி, ஒப்பந்தத்தைத் திருத்தி ஃபர்ம்வேருடன் ஒரே நிறுவியைத் தருவோம் என்ற தெரிவே வென்றது. 2023 ஜூனில் வந்த ‘புக்வோர்ம்’ அதன்படியே வெளிவந்தது.

முடிவு எனக்கும் முழு உவப்பில்லை. ஃபர்ம்வேரையும் கட்டற்றதாக்கும்படி உற்பத்தியாளர்களை வற்புறுத்துவதற்கு இருந்த ஒரு பிடி தளர்ந்துவிட்டது என்றே கருதுகிறேன். ஆனால் திசைமாற்றம் என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது எழுத்தில் வந்தது, எதிர்த்தவர்களின் வாதமும் அதே சீட்டில் அச்சானது, மாற்றிய வரி எது என்பதை இன்றும் யாரும் போய்ப் படிக்கலாம்.

உரிமையாளர் உள்ள திட்டங்களில் திசை எப்படி மாறியது? உபுண்டுவை எடுத்துக்கொள்வோம். டெபியன் டெவலப்பராக இருந்த மார்க் ஷட்டில்வொர்த் தன் பணத்தைப் போட்டு 2004 அக்டோபரில் முதல் உபுண்டுவைக் கொண்டுவந்தார். அது செய்த நன்மைகள் பல. லட்சக்கணக்கானோரை லினக்ஸுக்கு அழைத்து வந்தது. தலைமை வேண்டும் என்பவர்கள் காட்டும் உதாரணமும் இதுதான். அந்தத் தலைமை 2011-ல் யூனிட்டி என்ற இடைமுகத்தை எல்லோருடைய மேசைக்கும் கொண்டுவந்தது. 2012-ல் கணினிக்குள் தேடினால் அமேசான் பொருள்களும் முடிவுகளில் வரும்படி செய்தது. 2013-ல் தனிக் கைபேசிக்காக 3.2 கோடி டாலர் திரட்ட முயன்று பாதியைக்கூட எட்டவில்லை. 2017 ஏப்ரலில் யூனிட்டியையும் கைபேசித் திட்டத்தையும் ஒரே அறிவிப்பில் கைவிட்டது. அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டின் கதை அதைவிட வலிமிகுந்தது. 2014 ஜனவரியில் அது ரெட்ஹேட் நிறுவனத்தோடு இணைந்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் சர்வர்களை அமைத்தன. 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: 2021-ஆம் ஆண்டு இறுதியோடு ஆதரவு முடியும். வாடகை வீட்டில் எத்தனை ஆண்டு சுண்ணாம்பு அடித்து, தோட்டம் போட்டுக் குடியிருந்தாலும் வீட்டுக்காரர் காலி செய் என்றால் காலி செய்துதான் ஆக வேண்டும்.

ஓப்பன்சோலாரிஸ் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. அடையாளத்தை யார் வரையறுப்பது என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. சன் நிறுவனம் 2005-ல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் நிரலைத் திறந்தது. சமூகத்துக்கென்று அமைப்புச் சட்டம் எழுதப்பட்டது, ஆட்சிக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. காகிதத்தில் எல்லாம் டெபியனைப் போலவே. 2007-ல் சன் புதிய வெளியீடு ஒன்றை உருவாக்கத் திட்டமிட்டு அதற்குப் பொறுப்பாக நியமித்தது யாரை என்றால், டெபியனைத் தொடங்கிய அதே இயன் மர்டாக்கை. அந்த வெளியீட்டுக்கு ‘ஓப்பன்சோலாரிஸ்’ என்ற பெயரையே சூட்ட சன் முடிவெடுத்தது. அதுவரை அந்தப் பெயர் முழுச் சமூகத்தையும் குறித்துவந்தது. அதன் பல வெளியீடுகளுக்கும் பொதுவாக இருந்தது. அதைத் தங்களைக் கேட்காமல் நிறுவனம் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று சமூகத்தில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் சன் நிறுவனத்தின் வர்த்தகக் குறி. அதற்குமேல் பேச இடமில்லை. எச்டிடிபி நெறிமுறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் 2008 பிப்ரவரியில் அந்தச் சமூகத்திலிருந்து விலகினார்.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. ஆகஸ்ட்டில் ஓப்பன்சோலாரிஸ் வெளியீடுகள் இனி வராது என்ற உள்குறிப்பு வெளியே கசிந்தது. ஆட்சிக் குழு கேட்ட கேள்விகளுக்கு நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. ஆகஸ்ட் 23 அன்று அந்தக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அதே மர்டாக், அதே திறமை, அமைப்புச் சட்டமும் இருந்தது. இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பெயரும் சர்வரும் முடிவும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் சட்டம் வெறும் காகிதம். டெபியன் என்ற பெயரும் அதன் சொத்துகளில் பலவும் 1997-ல் பதிவான ‘சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பிடம் இருக்கின்றன. அதை எந்த ஆரக்கிளும் விலைக்கு வாங்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் 2014. கணினி தொடங்கும்போது எந்த நிரல் மற்றவற்றை இயக்க வேண்டும் என்பதில் சிஸ்டம்டி வேண்டுமா வேண்டாமா என்று டெபியன் இரண்டுபட்டது. தொழில்நுட்பக் குழுவின் எட்டுப் பேர் நாலுக்கு நாலாகப் பிரிந்து, தலைவர் பிடேல் கார்பியின் முடிவுவாக்கால் சிஸ்டம்டி ஏற்கப்பட்டது. சண்டை ஓயவில்லை. நவம்பரில் பொது வாக்கெடுப்பும் நடந்தது. குழுவிலிருந்து மூவர் விலகினார்கள். ஒரு பிரிவினர் டெவுவான் என்று தனி வெளியீட்டைத் தொடங்கினார்கள். டெபியன் நிறுவியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜோயி ஹெஸ், அமைப்புச் சட்டமே திட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று மனம் கசந்து வெளியேறினார். இது இழப்புதான். இதைச் சிறிதாக்கிக் காட்ட நான் முயல மாட்டேன்.

ஆனால் அதற்குப் பின் நடந்ததை எதிர்த்தரப்பு சொல்வதில்லை. அன்று விலகிய மூவரில் ஒருவரான ரஸ் ஆல்பெரிதான், பொதுத் தீர்மான நடைமுறையையும் தொழில்நுட்பக் குழுவின் விதிகளையும் சீர்திருத்தும் விரிவான வரைவைப் பின்னாளில் எழுதிக் கொண்டுவந்தார். விவாதம் முடிவின்றி இழுபடாமலும், நேரத்தை வைத்துச் சூழ்ச்சி செய்ய இடமில்லாமலும் விதிகள் மாற்றப்பட்டன. 2022 ஜனவரியில் வாக்கெடுப்பில் அது வென்றது. அதே ஆண்டின் ஃபர்ம்வேர் விவாதம் 2014-ஐப் போல் ஊரை இரண்டாக்காமல் முடிந்ததில் அந்தச் சீர்திருத்தத்துக்குப் பங்குண்டு என்பது என் கணிப்பு. டெவுவானுக்குப் போனவர்களும் டெபியனின் பேக்கேஜ்களை வைத்தே தங்கள் வெளியீட்டைக் கட்டினார்கள். தோற்றவர்களுக்கும் அந்த உரிமை இருந்தது.

2019-ல் தலைவர் தேர்தலுக்கு முதலில் ஒருவரும் மனுச் செய்யாததையும் அடிக்கடி சொல்கிறார்கள். ஒரு வாரம் நீட்டினார்கள், வேட்பாளர்கள் வந்தார்கள், தேர்தல் நடந்தது. அந்த வாரத்தில் எந்த பேக்கேஜும் பழுதாகவில்லை.

கடைசி வாதம்: ‘எல்லோருக்குமான இயங்குதளம்’ என்பது யாருக்குமானதல்ல. சந்தைப்படுத்தும் துறைக்கு இது சரியாக இருக்கலாம். சந்தையை வைத்துப் பார்த்தால் விடுபட்டுப் போகிறவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். நாமும் அதில் இருப்போம். எட்ச் வெளியீட்டில்தான் டெபியன் நிறுவிக்கு வரைகலை முகம் வந்தது. எழுத்துகள் கூட்டு வடிவம் பெறும் மொழிகளை வெறும் எழுத்துத் திரையில் சரியாகக் காட்ட முடியாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தமிழும் அந்த வகை. தமிழைத் தேர்ந்தெடுத்து, கேள்விகளைத் தமிழில் படித்து, டெபியனை இன்று நிறுவலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் மீதே எழுப்பப்பட்டது. ராஸ்பெர்ரி பை கணினியின் இயங்குதளமும், கண்காணிப்புக்கு அஞ்சும் பத்திரிகையாளர்கள் நம்பும் டெயில்ஸும், உபுண்டுவும்கூட அதன் மீதே நிற்கின்றன. இத்தனை பேர் நின்று கட்ட ஒரு தரை வேண்டுமானால் அது ஒரு வகைப் பயனரை மட்டும் பார்த்துப் போட்ட தரையாக இருக்க முடியாது.

பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் தம் நிறுவனத்துக்கும் இயங்குதளம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடைமுகம் அழகாக இருக்கிறதா, ஆதரவு எத்தனை ஆண்டு என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்த ஆண்டுக் கணக்கை யார் குறைக்க முடியும், எந்த நடைமுறையில், யாரைக் கேட்டு என்றும் பாருங்கள். டெபியனில் இதற்கான பதில் எழுத்தில் இருக்கிறது, எவரும் போய்ப் படிக்கலாம். அது போதவில்லை, திசை வேறாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உள்ளே வாருங்கள். மொழிபெயர்க்க, பிழை சொல்ல, ஒரு பேக்கேஜைப் பராமரிக்க யாருடைய நியமன உத்தரவும் தேவையில்லை. சில காலம் உழைத்து டெவலப்பராக ஏற்கப்பட்டால் வாக்குச்சீட்டும் வரும்.